பிரேக்கம்மாவின் முழங்கால்

அம்மா இறந்த அன்று எங்கள் தெருவில் நெரிசல் இல்லை. இருந்திருக்க வேண்டும். தெரு குறுகல், வந்தவர்கள் ஏராளம், பெரும்பாலோர் காரில் வந்தார்கள். ஆனால் ஒவ்வொரு காரும் ஓரக்கல்லை ஒட்டி, சக்கரம் நேராக, முன்வண்டிக்கும் பின்வண்டிக்கும் அளந்து வைத்தது போன்ற இடைவெளி விட்டு நின்றது. பக்கக் கண்ணாடிகள் மடக்கப்பட்டிருந்தன. திருப்பத்தில் நின்ற போக்குவரத்துக் காவலர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தனக்கு இங்கே வேலை இல்லை என்று கிளம்பிவிட்டார்.

வந்தவர்கள் அம்மாவிடம் கார் ஓட்டக் கற்றவர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே கிளம்பியவர்கள்கூட, ரிவர்ஸ் எடுக்கும்போது கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தார்கள். பார்க்காமல் எடுத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் அன்றும் போகவில்லை.

ஒரே ஒரு கார் மட்டும் கோணலாக நின்றது. அது எங்களுடையது. நிறுத்தியவர் அப்பா.

அம்மாவை ஊரில் பிரேக்கம்மா என்றுதான் சொல்வார்கள். பயிற்சிக் காரில் பிரேக் இரண்டு உண்டு. ஒன்று கற்பவரின் காலடியில். இன்னொன்று பக்கத்து இருக்கையில், கற்றுத்தருபவரின் காலடியில். அம்மாவின் கால் அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் எப்போதும் ஒரு விரல் உயரத்தில் மிதந்துகொண்டிருக்கும். மிதக்க வேண்டும், அழுத்தக் கூடாது. அது அவள் விதி. "பிரேக்" என்று அவள் சொல்வது, சாப்பாட்டு மேசையில் உப்பை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்வது போல இருக்கும். மாணவர் கேட்டு நிறுத்திவிட்டால் வெற்றி. அவளே அழுத்த வேண்டி வந்தால் அன்று முழுக்க முகம் சரியிருக்காது. நேரத்தோடு சொல்லத் தெரியாதவள்தான் காலைப் பயன்படுத்துவாள் என்பாள்.

அவளுக்கு முடக்கு வாதம். நான் பள்ளியில் படிக்கும்போதே வந்துவிட்டது. உடம்பைக் காக்க வேண்டிய காவல் படை, சொந்த மூட்டுகளையே எதிரி என்று எண்ணித் தாக்கும் நோய். முதலில் விரல்கள். அப்போது அவள் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். காலையில் விரல் மடங்காது. பற்பசைக் குழாயை உள்ளங்கையால் சுவரோடு அழுத்திப் பிதுக்குவாள். வெயில் ஏறினால்தான் கை கைபோல ஆகும். அதுவரை யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில், "இரு, இன்னும் இன்ஜின் சூடாகல."

நோயின் பெயரில் பாதியை அவள் ஏற்றுக்கொள்ளவே இல்லை. வாதம் தனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு, முடக்கு மட்டும் வேறு யாருக்கோ எழுதியதை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று மூட்டு மருத்துவரிடமே சொன்னாள்.

அப்பா படங்களுக்குச் சட்டம் போடுபவர். வீட்டின் முன்னறைதான் கடை. மரத்துக்குப் பஞ்சமில்லை. அம்மாவின் விரல்கள் பிடிக்க முடியாத எல்லாவற்றுக்கும் பருமனான மரப்பிடி செய்து மாட்டினார். குழாய்க்கு, கரண்டிக்கு, சீப்புக்கு, கதவுச் சாவிக்கு. பிறகு பயிற்சிக் காரின் சாவிக்கும். எலுமிச்சம்பழம் அளவு மர உருண்டையோடு இருந்த அந்தச் சாவியைச் சட்டைப் பையில் போட முடியாது. அதனாலேயே அது தொலைந்ததில்லை.

தட்டச்சை விட்டு அவள் ஓட்டுநர் பள்ளியில் கற்றுத்தரப் போனபோது எல்லோரும் சிரித்தார்கள். விரல் வராதவள் ஸ்டியரிங்கை என்ன செய்வாள் என்று கேட்டார்கள். அவள் சொன்ன பதில் இன்றும் அந்தப் பள்ளியில் புழங்குகிறது. "கை அவங்களோடது, கண்ணு என்னோடது. எனக்கு எதுக்கு விரல்?" காலையில் மூட்டு இறுகியிருக்கும் என்பதால் அவளுக்கு வெயில் ஏறிய பிறகுதான் வகுப்பு. வாரத்துக்கு ஒருமுறை சாப்பிடும் மாத்திரை ஒன்று உண்டு. மறுநாள் குமட்டும். அன்றைக்குப் புது மாணவர்களை ஏற்றமாட்டாள். குமட்டலுக்கு யார் காரணம் என்று தெரியாமல் போய்விடும் என்பாள்.

மருந்து விரல்களை ஓரளவு காப்பாற்றியது. முழங்கால்களைக் காப்பாற்றுவதற்குள் நேரம் கடந்துவிட்டது. வலது முழங்கால் முதலில் போனது. காரில் உட்கார்ந்ததும், வலது தொடையை இரண்டு கையாலும் தூக்கி, பாதத்தைப் பிரேக்கின் மேல் கொண்டு வைக்க ஆரம்பித்தாள். யாரும் பார்க்காதபோதுதான் செய்தாள். பள்ளி முதலாளி பார்த்துவிட்டார்.

முதலாளி அவளைவிட இளையவர். பள்ளியை அவர் அப்பா தொடங்கியபோதே அம்மா அங்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அதனால் அவளை அக்கா என்பார். நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். இரண்டாவது பிரேக்கை நம்ப முடியாத காரை ரோட்டில் விடமுடியாது என்றார். அதில் தப்பில்லை. அறைக்குள் பலகையில் சாலைக் குறிகளைக் காட்டி வகுப்பெடுக்கும் வேலையைத் தருவதாகச் சொன்னார்.

அம்மா கேட்டாள், "பலகையில யாராவது இடிப்பாங்களா?"

"இடிக்க மாட்டாங்கக்கா."

"அப்ப அங்க எனக்கு என்ன வேலை?"

ஓர் ஒப்பந்தத்தில் முடிந்தது. அவள் முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொள்வாள். குணமாகி வந்து, முதலாளி கண்முன்னே ஓடும் காரைத் தன் காலால் நிறுத்திக் காட்டினால் இருக்கை அவளுடையது. முடியாவிட்டால் பலகை. அதுவரை ஒரு தற்காலிகப் பயிற்சியாளர். அவர் எதற்கெடுத்தாலும் பக்கத்திலிருந்து எட்டி ஹாரனை அடிப்பவர் என்பதால் மாணவர்கள் அவருக்கு ஹாரன் மாஸ்டர் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் அம்மாவின் காதுக்கு வந்ததும், அறுவைச் சிகிச்சைக்குத் தேதி வாங்கிவிட்டாள்.

நான் பாலங்களில் வேலை செய்கிறேன். பாலத்தின் மேல்தளத்துக்கும் தூணுக்கும் நடுவே தாங்கி என்ற ஒரு பாகம் உண்டு. தேய்ந்தால் தளத்தைத் தூக்கி, பழையதை எடுத்து, புதியதை வைத்து, இறக்கிவிடுவோம். மறுவாரம் போக்குவரத்து. முழங்கால் மாற்று அறுவையும் இதுதான் என்று நினைத்தேன். வீட்டிலும் அப்படியே விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாலத்துக்கு வலிக்குமா இன்ஜினியர்?" என்றாள். அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

வீக்கத்தை அடக்க அவள் போட்டுக்கொள்ளும் ஊசியை அறுவைக்குச் சில வாரம் முன்பே நிறுத்தினார்கள். புண்ணில் கிருமி தொற்றக் கூடாது என்பதற்காக. மயக்க மருத்துவர் அவள் கழுத்தைப் பல கோணத்தில் படம் எடுக்கச் சொன்னார். இந்த நோய் கழுத்து எலும்பையும் தளர்த்தும். கடைசியில் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்வது என்று முடிவானது. திரைக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டதும், அரைத் தூக்கத்தில் அம்மா கேட்டாளாம், "யாரு டிங்கரிங் பண்றது?" அறுவை மருத்துவர் இதை எங்களிடம் வெளியே வந்து சொன்னபோது அவர் முகக்கவசம் குலுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாளே நடக்க வைத்தார்கள். ஊசியை நிறுத்தியதால் கைவிரல்கள் வீங்கியிருந்தன. சாதாரண நடைச்சட்டத்தைப் பிடிக்க முடியவில்லை. முழங்கையைத் தாங்கும் மெத்தை வைத்த சட்டம் கொடுத்தார்கள். அதைத் தள்ளிக்கொண்டு வார்டின் நடைபாதையில் போனாள். திருப்பத்தில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, பிறகு திரும்பினாள். புண் ஆறியது. வீட்டுக்கு வந்தோம். நடை வந்தது. மடக்கு வரவில்லை.

காலை உள்ளிழுத்துக் காரில் உட்காரவும், பிரேக்கிலிருந்து பாதத்தைப் பின்னால் எடுக்கவும் முழங்கால் செங்கோணம் வரை மடங்கியாக வேண்டும். அடுத்த பரிசோதனைக்குள் மடங்காவிட்டால் மறுபடி மரக்கச் செய்து, பிடித்து மடக்கிவிட வேண்டும் என்றார் அறுவை மருத்துவர். ஒரு தடவை டிங்கரிங் போதும் என்றாள் அம்மா.

தினமும் பிசியோதெரபிஸ்ட் வந்தார். உறுதியான பெண். அம்மா அவரை டீச்சர் என்று கூப்பிட்டாள். மோசமான மாணவி எப்படி இருப்பாள் என்று அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அதையெல்லாம் தானே செய்தாள். பயிற்சி நடுவே கதை பேசினாள். வலிக்கும் முன்பே வலிக்கிறது என்றாள். நேற்று செய்தீர்களா என்று கேட்டால் கூரையைப் பார்த்தாள்.

அளவெடுக்கும் பொறுப்பு எனக்கு. என்னிடம் எண் காட்டும் கோணமானி இருந்தது. அப்பா தன் மூலைமட்டத்தைக் கொண்டுவந்தார். சட்டத்தின் மூலை சரியாகச் சேர்ந்ததா என்று பார்க்கும் செங்கோணக் கட்டை. அதன் மூலையை முழங்காலுக்குப் பின்னால் வைப்பார். கட்டையின் ஒரு கை தொடையின் அடியில். இன்னொரு கைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும். அம்மாவுக்கு என் எண்கள் வேண்டாம். "வெளிச்சம் எவ்வளவுன்னு சொல்லுங்க" என்று அப்பாவைத்தான் கேட்பாள். தினமும் அதே வெளிச்சம்.

டீச்சருக்குப் புரியவில்லை. புண் நன்றாக இருந்தது. வீக்கம் குறைந்துவிட்டது. உள்ளே பொருத்தியது சரியாக நின்றது. ஆனால் தொடைத் தசை மட்டும் விடாப்பிடியாக இறுகியிருந்தது. ஒருநாள் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவின் தொடையில் கைவைத்து, "கல்லு மாதிரி இருக்கு. ஏம்மா இப்படி இறுக்கிப் பிடிக்கிறீங்க?" என்றார்.

"நான் எங்க பிடிக்கிறேன்? சும்மாதானே உக்காந்திருக்கேன்."

முன்னறையில் சட்டத்துக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்த அப்பா தலை நிமிராமல் சொன்னார். "சும்மாவா? தெருவுல போற வண்டிக்கெல்லாம் பிரேக் போட்டுட்டு இருக்கா."

அந்த நேரம் பார்த்து ஒரு வேன் சிக்னல் போடாமல் எங்கள் மூலையில் திரும்பியது. அம்மாவின் வலது பாதம் தரையிலிருந்து ஒரு விரல் உயரம் எழுந்து நின்றது. டீச்சரின் கை இன்னும் தொடையின் மேல் இருந்தது. அவர் ஜன்னலைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். வேன் போன பிறகும் பாதம் இறங்கவில்லை. பின்னால் ஒரு சைக்கிள் வந்துகொண்டிருந்தது.

அதுதான் விஷயம். இத்தனை வருடம் பிரேக்கின் மேல் மிதந்து பழகிய கால். எங்கள் வீடு முச்சந்தியில். காலை முதல் மாலை வரை அவள் தெருவுக்கே பாடம் நடத்திக்கொண்டிருந்தாள், தனக்கே தெரியாமல்.

நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பினோம். அம்மாவுக்குக் கோபம். பயன் இல்லை. கியர் மாற்றும் சத்தத்தை வைத்தே யார் தப்பு செய்கிறார்கள் என்று கண்டுபிடித்தாள். பாதம் எழுந்தது. டீச்சர் யோசித்துவிட்டு வழியை மாற்றினார். மிதக்கும் காலுக்கு ஓய்வே இல்லை. முழுசாக அழுத்தி, முழுசாக விட்டால் தசை தளரும், அப்போது மடக்கலாம் என்றார். அப்பா அன்றே ஸ்பிரிங் வைத்து ஒரு மரப் பிரேக் செய்தார். அழகாக இருந்தது. அம்மா அதை ஒருமுறை அழுத்திவிட்டுத் தள்ளி வைத்தாள். நிற்கிற வீட்டுக்கு யாராவது பிரேக் போடுவார்களா என்றாள்.

ஓடும் வண்டி வேண்டும். அதை ஓட்டுபவர் மோசமாகவும் ஓட்ட வேண்டும். நான் அதற்குச் சரிப்பட மாட்டேன். நான் அம்மாவிடம் கற்றவள்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம்.

அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஊரில் பாதிப் பேருக்குக் கற்றுத்தந்தவளின் கணவர் எங்கும் நடந்துதான் போவார். அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பே கார் ஓட்டத் தெரியும்; கல்யாணமான புதிதில் ஓர் இரவல் காரில் அவருக்குக் கற்றுத்தர ஒரு தடவை முயன்றிருக்கிறாள். அதன் பிறகு சில நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லையாம். அந்தப் பேச்சை அதோடு விட்டார்கள். இப்போது அப்பா இழைப்புளியைக் கீழே வைத்து, கையில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிவிட்டு, "சட்டை மாத்திட்டு வரேன்" என்றார்.

மூடிய இடத்தில், நடக்கிற வேகத்தில் என்றால் சரி என்று அறுவை மருத்துவர் சம்மதித்தார். வண்டிகளெல்லாம் வெளியே போகும் மதிய நேரத்தில் பள்ளியின் பின்பக்க மைதானத்தை முதலாளி கொடுத்தார். அப்பா ஓட்டுநர் இருக்கையில். அம்மா தன் இருக்கையில். நான் பின்னால், கைபிரேக்கின் மேல் கைவைத்தபடி. டீச்சர் வெளியே.

அப்பா கீழே குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார், "இதுல எது கிளட்ச்?"

"கல்யாணம் ஆன புதுசுலயும் இதையேதான் கேட்டீங்க."

"அப்ப நீ சொல்லவே இல்லையே. கத்துனதுதான் ஞாபகம் இருக்கு."

வண்டி தவளைபோலத் தாவியது. அம்மாவின் கால் பாய்ந்தது. முழுசாக அழுத்தினாள். வண்டி நின்று, இன்ஜின் அணைந்தது. நான் முன்னிருக்கையில் மோதிக்கொண்டேன். அழுத்திய கால், அடுத்த தாவலுக்குத் தயாராக, தானாகவே பின்னால் வந்தது. குதிகால் தரையில் உரசிக்கொண்டு, இருக்கைக்கு அடியில் போகும் அளவுக்கு. வீட்டில் எத்தனை கெஞ்சியும் வராத மடக்கு. டீச்சர் ஜன்னல் வழியாகத் தலையை விட்டு, வலிக்கவில்லையா என்று கேட்டார்.

"வலிக்குது. ஆனா இவர் ஓட்டுறது அதைவிட வலிக்குது" என்றாள் அம்மா.

தினமும் போனோம். வெளிச்சம் மெலிந்துகொண்டே வந்தது. நூலளவுக்கு வந்தபோது சிக்கல் வந்தது. அப்பா கற்றுக்கொண்டுவிட்டார். வண்டி தாவவில்லை. வளைவுகளில் வேகத்தைக் குறைத்தார். கண்ணாடி பார்த்தார். அம்மாவின் கால் மறுபடி மிதக்க ஆரம்பித்தது. டீச்சர் கவலையோடு, "அங்கிள், கொஞ்சம் மோசமா ஓட்டுங்களேன்" என்றார். இப்போதுதான் கை பழகுகிறது, அதையும் கெடுக்கச் சொன்னால் எப்படி என்று அப்பா முறையிட்டார்.

அவர் ஒப்புக்கொண்டிருப்பார். அம்மாதான் விடவில்லை. தன் முழங்காலுக்காக ஒரு மாணவனைக் கெடுக்கமாட்டேன் என்றாள். வெளிச்சம் அப்படியே நிற்கட்டும், பலகைக்கே போகிறேன் என்றுகூடச் சொன்னாள். அவள் அப்படிச் சொல்லிக் கேட்டது அது ஒன்றுதான். பரிசோதனை நாள் பக்கத்தில் இருந்தது. ஹாரன் மாஸ்டர் அவள் இருக்கையில் முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டுவிட்டார் என்ற செய்தியும் வந்திருந்தது.

மறுநாள் அம்மா வழக்கமான பாட வரிசைப்படி அடுத்த பாடத்தைத் தொடங்கினாள். ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவது.

அப்பாவுக்கு ரிவர்ஸ் வரவில்லை. முயற்சி இல்லாமல் இல்லை. இடது பக்கம் திருப்பினால் வண்டியின் பின்பக்கம் எங்கே போகும் என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. மில்லிமீட்டர் பிசகாமல் மூலை சேர்ப்பவர், இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு காரை வைக்க முடியாமல் தவித்தார். மைதானத்தின் ஓரத்தில் அடுக்கியிருந்த காலி அட்டைப்பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. அம்மா அழுத்தினாள், விட்டாள், காலைப் பின்னால் இழுத்தாள், உடம்பையே திருப்பிப் பின்னால் பார்த்தாள், மறுபடி அழுத்தினாள். இருவரும் வியர்த்துப்போய்ச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பா மூலைமட்டத்தை வைத்தார். கண்ணை அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"வெளிச்சம் இல்ல" என்றார்.

அம்மா நம்பவில்லை. முதன்முறையாக என் எண்ணைக் கேட்டாள். எண்ணும் அதையே சொன்னது.

முதலாளி வைத்த சோதனையில் ஓட்டியவர் ஹாரன் மாஸ்டர். எது நடந்தாலும் அவர் பிரேக்கைத் தொடக் கூடாது என்பது ஏற்பாடு. எதிரே அட்டைப்பெட்டிகள். பின்னிருக்கையில் முதலாளியும் நானும். வண்டி வேகமெடுத்தது. அம்மாவின் பாதம் மிதந்தது. பெட்டிகளில் இருந்த எழுத்தைப் படிக்க முடிந்தது. முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிரேக்" என்றாள் அம்மா, உப்பைக் கேட்கும் குரலில்.

ஹாரன் மாஸ்டர் தொடவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் கால் இறங்கியது. வண்டி நின்றது. முதல் பெட்டி லேசாகத் தலையாட்டியது. விழவில்லை.

"ஏன்க்கா இவ்வளவு நேரம் பார்த்துட்டு இருந்தீங்க?" என்று கேட்ட முதலாளி அப்போதுதான் என் கையை விட்டார்.

"மொதல்ல சொல்லிப் பாக்கணும் சார். கேக்கலைன்னாதான் கால்."

இறங்கும்போது ஹாரன் மாஸ்டர் தன் தலையணையை எடுத்துக்கொண்டார். முதலாளி மர உருண்டைச் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தார். மறுநாள் வெயில் ஏறியதும் அவள் வேலைக்குப் போனாள்.

பிறகு இடது முழங்காலும் மாற்றினாள். அப்போது முதல் நாளே நாற்காலி சுவரைப் பார்த்திருந்தது. அப்பா பலமுறை முயன்று உரிமம் வாங்கினார். பயிற்சிக் கார் பழசாகிக் கழிக்கப்பட்டபோது முதலாளி அதை எங்களுக்கே கொடுத்தார், இரண்டு பிரேக்கோடும். ஓய்வு நாட்களில் அப்பா ஓட்ட, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஊரைச் சுற்றிவருவார்கள். கிளம்பும்போது இருவர் சத்தமும் கேட்காது. திரும்பி வந்து நிறுத்தும்போது தெருவுக்கே கேட்கும்.

நுரையீரலில் தொற்று வந்து இறந்தாள். மூட்டுகளைத் தாக்கிய காவல் படையை இத்தனை காலம் மருந்தால் அடக்கி வைத்திருந்தோம். உண்மையான எதிரி வந்தபோது அதற்கு எழப் பலமில்லை. எனக்குத் தெரிந்த விளக்கம் அவ்வளவுதான். அதைப் பலமுறை சரிபார்த்துவிட்டேன். எங்கும் பிழை இல்லை. உதவியும் இல்லை.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு தெரு காலியாக இருந்தது. எங்கள் கார் மட்டும் கோணலாக நின்றது. அப்பா வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய், மர உருண்டைச் சாவியோடு வந்தார்.

"இப்படியே விட்டா உங்கம்மா தூங்க விடமாட்டா" என்றார்.

நான் அம்மாவின் இருக்கையில் உட்கார்ந்தேன். அப்பா கண்ணாடியைப் பார்த்தார். கழுத்தைத் திருப்பினார். வண்டி பின்னால் நகர்ந்தது. என் வலது கால் தானாக எழுந்து இரண்டாவது பிரேக்கின் மேல் நின்றது. ஓரக்கல் நெருங்கியது. நான் அழுத்தவில்லை. அவரே நிறுத்தினார்.

"நேரா இருக்கா?"

கதவைத் திறந்து, குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன்.

"இல்லப்பா."

"சரி, இன்னொரு தடவை" என்று முதல் கியரைப் போட்டார்.